நான்காவது டிஸ்க்

லிஃப்ட்காரர் வீட்டுப் பெட்டி செத்துவிட்டது என்ற செய்தி லிஃப்ட்காரருக்கே சலூனில்தான் தெரியவந்தது. அதுவும் நேரடியாக வரவில்லை. சலூன்காரரிடம் சொன்னவர் லிஃப்ட்காரர் மனைவியின் சித்தப்பா. சித்தப்பாவுக்குச் சொன்னது அவர் வீட்டு டிவி. விடிந்ததும் அந்தப் பெட்டியிலிருந்து பழைய கல்யாண வீடியோ ஒன்றைப் போட்டுக்கொண்டு காபி குடிப்பது அவர் வழக்கம். அன்றைக்கு வீடியோ வரவில்லை. ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. அந்த வட்டம் சலூனுக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது.

"உங்க வீட்டுல இருந்த போட்டோவெல்லாம் போயிடுச்சாமே," என்றார் சலூன்காரர், வலது காதை மடக்கிப் பிடித்துக்கொண்டு. "ஏதோ அப்டேட்டாம். உள்ள பூந்து எல்லாத்தையும் தின்னுட்டுப் போயிடுச்சாம். வெளியாளுங்க வேலைன்னு சொன்னாரு."

"யாரு சொன்னது?"

"பேரு கேட்டுக்கலை. காதுல முடி இருக்கும்."

சித்தப்பாதான்.

லிஃப்ட்காரர் போர்வைக்கு அடியிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். பெட்டி பதில் சொல்லவில்லை. தலையில் ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மணி ஒன்பது நாற்பது, வெள்ளிக்கிழமை. அவர் முகம் கண்ணாடியில் எந்த மாறுதலும் இல்லாமல் இருந்தது.

"மீதியைச் சீக்கிரம் முடிச்சு விடுங்க," என்றார்.

பெட்டி என்று குடும்பத்தில் எல்லோரும் சொன்னது ஒரு சர்வரை. இஸ்திரிப் பெட்டி வைக்கும் அலமாரியின் கீழ்த்தட்டில், ஏணிக்கும் வேக்யூம் கிளீனருக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கறுப்புக் கம்ப்யூட்டர். திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. உள்ளே நான்கு டிஸ்குகள். அவர் வீட்டுப் படங்கள், மனைவி வகையறாவின் படங்கள், எல்லோருடைய ரசீதுகள், சான்றிதழ்கள் எல்லாம் அதில்தான். இருபத்திரண்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவர், இணையத்தில் இடம் தரும் யாரோ ஒரு கம்பெனி கட்டித் தொங்கவிட்ட கயிற்றை நம்பி எதையும் ஏற்றமாட்டார். "நம்ம வீட்டு பீரோவை எதுக்கு ஊரான் வீட்டு மாடியில வைக்கணும்?" என்று கேட்டு, ஒவ்வொருவரிடமும் போய், போனிலிருந்து எல்லாவற்றையும் வாங்கிப் பெட்டியில் போட்டார். போனில் இடம் காலியானது என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

இன்றைக்குப் பெட்டி போனதில் படங்கள்கூடப் பெரிதில்லை. விஷயம் மனைவியின் சான்றிதழ்.

மனைவி பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். எக்ஸ்ரே இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லோரும் பயிற்சிச் சான்றிதழின் நகலை அனுப்பி மறுபடி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று இந்த வருடம் உத்தரவு வந்திருந்தது. கடைசி நேரம் இன்று மாலை ஐந்து மணி. தவறினால் திங்கள்கிழமை முதல் இயந்திரத்தைத் தொடக்கூடாது. மறுபடி பரீட்சை எழுத வேண்டும், அதற்கு அடுத்த வருடம்தான் தேதி. மூலச் சான்றிதழ், வாஷிங் மெஷின் குழாய் பிய்த்துக்கொண்ட அன்று, மை கலைந்து ஒரு நீல மேகமாகக் கரைந்துவிட்டது. அதைக் கொடுத்த பயிற்சி நிலையம் மூடப்பட்டு, அந்தக் கட்டிடத்தில் இப்போது மெத்தை விற்கிறார்கள். மேகமாவதற்கு முன்பே லிஃப்ட்காரர் அதை முன்னும் பின்னும் ஸ்கேன் செய்து பெட்டியில் வைத்திருந்தார். அந்த முன்யோசனையைப் பற்றிச் சொந்தக்காரர்கள் மத்தியில் மூன்று முறை பேசியும் இருந்தார்.

மனைவி திங்கட்கிழமையே அனுப்பிவிடலாம் என்றார். "வெள்ளிக்கிழமை எனக்கு லீவு, நிதானமா உக்காந்து பண்ணலாம், அது எங்க ஓடிப்போகுது" என்றவர் இவர்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரியிலிருந்து பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, குழந்தையைக் கிடத்துவதுபோல ஹாலில் டிவிக்கு முன்னால் கிடத்தினார். திரை இல்லாத பெட்டிக்கு டிவிதான் திரை. விசைப்பலகையை மகள் விட்டுப்போன பழைய சாமான்களிலிருந்து தேடி எடுத்தார். அதில் ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டு இருமுறை விழும். பரவாயில்லை.

டிவியில் வெள்ளை எழுத்துகள் ஓடின. நன்றாகத்தான் ஓடின. பிறகு ஓர் இடத்தில் நின்றன. ஒரு வேலை முடியவில்லை, காத்திருக்கிறேன், ஒன்றரை நிமிடம் பார்ப்பேன் என்றது பெட்டி. ஒன்றரை நிமிடம் பார்த்தது. பிறகு, அவசரநிலைக்குப் போய்விட்டேன், நிர்வாகி கடவுச்சொல்லைக் கொடுத்து என்னவென்று பாருங்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது.

பெரிய அப்டேட் வந்தால் விடியற்காலை நான்கு மணிக்குத் தானாகப் போட்டுக்கொண்டு, ஒரு முறை அணைந்து எழும்படி பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தார். அணைந்திருக்கிறது, எழவில்லை. ஆகவே குற்றவாளி அப்டேட். இதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. லிஃப்ட் நின்றால், கடைசியாகத் தொட்டவன் யார் என்றுதான் எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்பான்.

பதினொரு மணிக்குச் சித்தப்பா வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்தார்.

"என்ன மாப்ளே, உசிரு இருக்கா?"

"இருக்கு சித்தப்பா. எந்திரிக்க மாட்டேங்குது."

"எனக்கும் காலையில அப்படித்தான் இருக்கு. கொஞ்ச நேரம் படுக்க விட்டா சரியாயிடும்."

"நீங்க சலூன்ல என்ன சொன்னீங்க?"

"நான் என்னத்தைச் சொன்னேன். டிவி வரலைன்னேன்."

"வெளியாளுங்க வந்து தின்னுட்டாங்கன்னு சொன்னீங்களாம்."

"அது அவன் சேத்தது. முடி வெட்டுறவன் சும்மா வெட்டுவானா?"

சித்தப்பா சோபாவில் இடம் பிடித்தார். அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் லிஃப்ட்காரர் அப்டேட்டைத் தண்டித்தார். பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து ஏற்றினார். பெட்டி அதே இடத்தில் நின்று அதே ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. புதிதாக வந்ததை ஒவ்வொன்றாகக் கழற்றினார், பெட்டி நின்றது. கழற்றியதை மறுபடி போட்டார், நின்றது. ஒவ்வொரு தடவையும் ஒன்றரை நிமிடத்தைச் சித்தப்பா வாய்விட்டு எண்ணினார். எண்பதுக்கு மேல் அவர் குரலில் ஒரு நம்பிக்கை வரும். தொண்ணூறில் போய்விடும்.

"அது என்னத்துக்கு மாப்ளே காத்துக்கிட்டு இருக்கு?" என்று பதினோராவது தடவை எண்ணி முடித்ததும் கேட்டார் சித்தப்பா.

அந்தக் கேள்வியை அதுவரை லிஃப்ட்காரர் கேட்கவில்லை. யார் கெடுத்தது என்று மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கடவுச்சொல்லைக் கொடுத்து உள்ளே போய், பெட்டி எழுதி வைத்திருந்த குறிப்புகளைப் பின்னாலிருந்து படித்தார். முதல் டிஸ்க் வந்தாயிற்று. இரண்டாவது வந்தாயிற்று. மூன்றாவது வந்தாயிற்று. நான்காவதற்காகக் காத்திருந்தேன், வரவில்லை, ஆகவே மேலே போகவில்லை.

படித்ததும் அவருக்கு ஒரு விஷயம் விளங்கியது. பெட்டி சொன்னபடிதான் கேட்டிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்பு அதை அமைத்தபோது வழிகாட்டிப் பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்க்கச் சொல்லியிருந்தார்கள்: இந்த டிஸ்க் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, எழுந்து வேலையைப் பார் என்று அர்த்தம் வரும் வார்த்தை. அதைப் படித்தபோதே அவருக்கு உடம்பு கூசியது. அவர் தொழிலில் எந்த மாடியில் எந்தக் கதவு ஒரு விரலளவு திறந்திருந்தாலும் லிஃப்ட் அசையக்கூடாது. பரவாயில்லை என்று அசைய விட்டவனை வேலையை விட்டு அனுப்புவார்கள். நான்கு டிஸ்கிலும் அந்த வார்த்தையை எடுத்துவிட்டுத்தான் அன்று தூங்கப் போனார். பத்தாயிரம் பேர் அந்த வார்த்தையைப் போட்டு நிம்மதியாக இருக்கும்போது, அதைப் பார்த்துப் பார்த்து நீக்கிய ஆள் அவர் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

இரண்டரை மணிக்கு மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். கைப்பையை வைக்கவில்லை.

"என்னங்க, ஆச்சா?"

"கண்டுபிடிச்சாச்சு. ஒரு டிஸ்க் மக்கர் பண்ணுது. ஒயர் லூஸா இருக்கும்."

"எனக்கு அஞ்சு மணிக்குள்ள வேணும்."

"தெரியும்."

"தெரியும்னுதான் திங்கட்கிழமையும் சொன்னீங்க."

லிஃப்ட்காரர் மூடியைத் திறந்தார். மூன்று டிஸ்குகள் மேல் தூசி ஒரே சீராகப் படிந்திருந்தது. நான்காவது இடத்தில் டிஸ்க் இல்லை. லூஸான ஒயர் என்று ஒன்றும் இல்லை. இரண்டு ஒயர்களும் அழகாக மடிக்கப்பட்டு, முனைகளில் நீலக் காகித டேப் சுற்றப்பட்டு, ஓர் ஓரமாக ஒட்டி வைக்கப்பட்டிருந்தன. டேப்பின் ஓரம் கத்தியால் நறுக்கியதுபோல நேராக இருந்தது.

சித்தப்பா எட்டிப் பார்த்தார். "இது பெயிண்ட் அடிக்கிறவங்க ஒட்டுற டேப்பாச்சே."

அந்தக் குடும்பத்தில் பெயிண்ட் சம்பந்தப்பட்டவர் ஒருவர்தான். மனைவியின் தம்பி, பெயிண்ட் கடையில் நிறம் கலப்பவர்.

"போன மாசம் வந்திருந்தான்," என்றார் மனைவி மெதுவாக. "டிரில் மெஷினை எடுத்துட்டுப் போறேன்னான். அலமாரியில இருக்குது எடுத்துக்கோன்னேன். எனக்கென்ன தெரியும்."

"எவ்வளவு நேரம் இருந்தான்?"

"டிரில் எடுக்குற நேரத்தைவிட ஜாஸ்திதான். ஏதோ அடுக்கி வைக்கிறான்னு நினைச்சேன். அவன் வேலை சுத்தமா இருக்குமே."

நான்காவது டிஸ்க் தம்பி வாங்கியது. தன் படங்களுக்கென்று, புத்தம் புதிதாக, அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஆறு வருடமாகக் கடையில் கலந்த நிறங்களை ஒவ்வொரு அட்டையாகத் தீட்டி, ஒரே ஜன்னல் ஓரத்தில் வைத்துப் படம் எடுத்து வைத்திருந்தார். வாடிக்கையாளர் மூன்று வருடம் கழித்து வந்து, அதே சுவருக்கு அதே நிறம் வேண்டும் என்றால் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் கலப்பார். இரண்டு மாதத்துக்கு முன்பு லிஃப்ட்காரர், இடம் மிச்சம் பிடிக்கலாம் என்று, ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு புரோகிராமை ஓடவிட்டார். அது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு படங்களைக் கொண்டுவந்து, இவையெல்லாம் ஒன்றே என்றது. லிஃப்ட்காரர் பத்துப் படங்களைத் திறந்து பார்த்தார். பத்தும் வெள்ளை. ஒன்றை வைத்துக்கொண்டு மீதியை அழித்தார்.

அடுத்த ஞாயிறு மைத்துனர் வந்து அந்த ஒன்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மச்சான், இது தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு வெள்ளை" என்றார்.

"எனக்கு ஒண்ணாத்தான்பா தெரிஞ்சுது," என்றார் லிஃப்ட்காரர்.

அவர் அதை ஒரு விளக்கமாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு மைத்துனர் அவரிடம் பேசவில்லை. பெட்டியை அணைக்காமலே டிஸ்கையும் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். போன மாதத்திலிருந்து நான்காவது டிஸ்கைக் காணோம் என்று பெட்டி தினமும் மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. பெட்டி அனுப்பும் மின்னஞ்சல்கள் எல்லாம் 'பிறகு' என்ற பெயருள்ள ஒரு மூலைக்குத் தானாகப் போய்ச் சேரும்படி லிஃப்ட்காரர் ஏற்பாடு செய்திருந்தார். இன்று விடியற்காலை அணைந்து எழும்வரை பெட்டி மூன்று காலில் ஓடிக்கொண்டிருந்தது. எழும்போதுதான் எண்ணிப் பார்த்தது.

"சரி, அவன் டிஸ்க்கை அவன் எடுத்துட்டான்," என்றார் மனைவி. "அது இல்லாம எழுப்ப முடியுமா?"

"முடியும். ஒரு வார்த்தை சேக்கணும்."

"அப்ப சேருங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சேர்க்க லிஃப்ட்காரர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். முதலில் மென்மையான தூரிகை ஒன்றைத் தேடி மூன்று டிஸ்குகளையும் தூசி தட்டினார். விசிறியைக் கழற்றித் துடைத்தார். இறுக்கமாகவே இருந்த திருகுகளை இறுக்கினார். காலி இடத்தைப் பார்த்த கணத்திலேயே வேறொன்று அவருக்கு ஞாபகம் வந்துவிட்டிருந்தது. அது அவர் மூக்கு நுனியில் வியர்வையாக நின்றது. அதை அவர் துடைத்துக்கொண்டார். ஆனால் யாரிடமும் சொல்லவில்லை.

"வேலைன்னா இப்படிச் செய்யணும்," என்றார் சித்தப்பா.

மூன்றே முக்காலுக்கு மூடியை மூடி, விசைப்பலகை முன் உட்கார்ந்தார். நான்காவது டிஸ்கின் வரிக்கு எதிரே, இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற வார்த்தையை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். ஓர் எழுத்து இருமுறை விழுந்தது, அழித்துத் திருத்தினார். பெட்டியை அணைத்து எழுப்பினார். சித்தப்பா எண்ணத் தொடங்கினார். இருபதைத் தாண்டவில்லை, பெட்டி எழுந்து நின்றது.

டிவியில் கல்யாண வீடியோ ஓடியது. சித்தப்பா கறுப்பு முடியோடு ஒரு நாற்காலி மேல் ஏறி எதையோ கட்டிக்கொண்டிருந்தார். சோபாவில் இருந்த சித்தப்பா நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"மாப்ளே, நீ பெரிய ஆளுய்யா."

மனைவி லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். முகத்தில் காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு வெளிச்சம். பதிவுப் பக்கத்தில் எல்லாம் நிரப்பியாகிவிட்டது. சான்றிதழை இங்கே இணைக்கவும் என்ற கட்டம் மட்டும் காலி.

"எந்த ஃபோல்டர்ங்க?"

"முக்கியக் காகிதங்கள்னு இருக்கும்."

"இருக்கு." அழுத்தினார். "இதுல ஒண்ணும் இல்லையே."

"இருக்காது."

மனைவி திரும்பிப் பார்த்தார்.

"மத்த மூணு டிஸ்க்கும் பழசு," என்றார் லிஃப்ட்காரர், வழக்கமாகப் பழுதறிக்கை படிக்கும் குரலில். "முக்கியமானதைப் பழசுல வைக்க மனசு வரலை. புதுசுல வச்சேன். பழசுக்கெல்லாம் நகல் எடுத்து வச்சிருக்கேன். புதுசுக்கு இப்ப எதுக்குன்னு விட்டுட்டேன்."

"என் தம்பி டிஸ்க்லயா?"

"ஆமா."

"அவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்லை."

"என்கிட்ட?"

அதற்குப் பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மூடியைத் திறந்தப்பவே."

"அப்புறம் ஒரு மணி நேரமா என்னத்தைத் துடைச்சீங்க?"

சித்தப்பா வீடியோவின் சத்தத்தைக் குறைத்தார். அதைவிடப் பெரிய உதவி அப்போது அவரால் செய்ய முடியாது.

மனைவி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் கலவை இயந்திரம் டப்பாவை உலுக்கும் சத்தம். மனைவி போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தார்.

"தம்பி, அந்த டிஸ்க் எங்கடா?"

"கடையிலதான் அக்கா. இங்க கம்ப்யூட்டர்ல மாட்டியிருக்கேன். உள்ள ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. இதை ஃபார்மட் பண்ணட்டுமா, பண்ணட்டுமான்னு காலையில இருந்து கேட்டுக்கிட்டே இருக்கு."

லிஃப்ட்காரர் எழுந்து நின்றார். பெட்டி எழுதுகிற முறை வேறு, கடைக் கம்ப்யூட்டர் படிக்கிற முறை வேறு. படிக்கத் தெரியாததைக் காலி என்றுதான் அது சொல்லும்; ஆம் என்று ஒரு தடவை சொன்னால் உள்ளே இருப்பதையெல்லாம் துடைத்துவிடும்.

"நீ என்ன சொன்னே?" என்றார் மனைவி.

"இன்னும் ஒண்ணும் சொல்லலை. கையில ஒரு கலவை வேலை இருக்கு, அது முடியட்டும்னு வச்சிருக்கேன்."

"வேண்டாம்னு சொல்லிடு. என் சர்டிஃபிகேட் அதுலதான் இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்டா."

கலவை இயந்திரம் நின்றது.

"என் டிஸ்க்ல உன் சர்டிஃபிகேட் எப்படி வந்துச்சு?"

"உன் மச்சான் வச்சிருக்காரு."

"என் படத்தை எடுத்துட்டு அந்த இடத்துல வச்சாரா?"

மனைவி கணவரைப் பார்த்தார். கணவர் தரையில் கிடந்த தூரிகையைப் பார்த்தார்.

"அக்கா, நீ கேட்டா நான் இப்பவே பைக்கை எடுத்துக்கிட்டு வந்துடுவேன். பத்து நிமிஷம். ஆனா இது உனக்கும் எனக்கும் உள்ளது இல்ல. அவரு கூப்பிடட்டும். அவரு போன்ல இருந்து. ரெண்டு மாசமா ஒரு வார்த்தை கிடையாது. எல்லாம் ஒரே வெள்ளைன்னு சொன்ன வாயால வேற ஒண்ணு சொல்லட்டும்." போன் வைக்கப்பட்டது.

மணி நாலு ஐந்து.

"கூப்பிடுங்க," என்றார் மனைவி.

"என்னன்னு சொல்றது?"

"தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லுங்க. அதுக்கு மேனுவல் வேணுமா?"

லிஃப்ட்காரர் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எத்தனையோ பேரை இரண்டு மாடிகளுக்கு நடுவிலிருந்து வெளியே எடுத்திருக்கிறார். உள்ளே இருப்பவர்களிடம் என்ன பேசவேண்டும் என்று கம்பெனியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: பயப்படாதீர்கள், ஆள் வந்தாயிற்று, கதவைத் தள்ளாதீர்கள். வெளியே நிற்பவரிடம் உள்ளே இருக்கிறவன் என்ன பேசவேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

உதட்டுக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தார். "தம்பி, நான் பாத்தது பத்துதான். மிச்சத்தைப் பாக்காமலே அழிச்சுட்டேன்." இது உண்மை. இதை இதுவரை மனைவியிடம்கூட அவர் சொன்னதில்லை. பின்னால் மனைவியின் காதில் விழுந்திருக்கும்.

எண்ணை அழுத்தினார். மணி போனது. பெயிண்ட் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் அந்தப் போன் கிடப்பதும், அதற்கு அருகே கம்ப்யூட்டர் திரையில் அந்தக் கேள்வி நிற்பதும், கேள்விக்குக் கீழே ஆம், வேண்டாம் என்று இரண்டு கட்டங்கள் இருப்பதும் அவருக்கு நேரில் பார்ப்பதுபோலத் தெரிந்தது. மூன்றாவது மணி. நான்காவது. மைத்துனர் கையில் பெயிண்ட் இருக்கலாம், துடைத்துவிட்டு எடுப்பார். ஐந்தாவது. சித்தப்பா வழக்கம்போல வாய்விட்டு எண்ணத் தொடங்கினார்; மனைவி பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார்.

ஏழாவது மணி. லிஃப்ட்காரர் போனை மறு காதுக்கு மாற்றினார். முதல் வார்த்தையை நாக்கு நுனியில் தயாராக வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி நின்றார். மணி போய்க்கொண்டே இருந்தது.